உடைப்பதற்கென்று ஒரு விண்கலம்

செண்பகனூரில் இருக்கும் இந்தப் பட்டறைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். துண்டு துண்டாகப் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் விண்கல மாடல் கிட்டை வாங்கி, பெட்டியின் மேலே இருக்கும் படத்தைப் பார்த்து ஒட்டிவைப்பது நம் வேலை இல்லை என்று முதல் நாளே சொல்லியிருப்பார்கள். நாம் மூன்று கிட்டை அறுத்து ஒன்றாக்குகிறவர்கள். பீரங்கி வண்டி கிட்டிலிருந்து சக்கரத்தையும் ரயில் எஞ்சின் கிட்டிலிருந்து குழாயையும் பிடுங்கி, யாரும் பார்த்திராத ஒரு கலத்தின் முதுகில் ஒட்டுகிறவர்கள். அதன் பிறகு அதைப் பழசாக்குகிறோம். புகை, துரு, கீறல், எண்ணெய் வழிந்த தடம். இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று நான் சொல்லப்போவதில்லை. பத்து மாடலைக் கெடுத்தால் பதினோராவதில் உங்கள் கைக்கே வந்துவிடும்.

நான் சொல்ல வந்தது ஒரு காலைப்பொழுதைப் பற்றி. வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் இந்த நாட்களிலும், குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கும்போது அது திடீரென்று நினைவுக்கு வந்து கை அப்படியே நின்றுவிடுகிறது.

அப்போது நான் இங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தேன். என் பக்கத்து மேசையில் தங்கம். கவுஞ்சியில் பூண்டு விவசாயம் செய்யும் வீட்டுப் பெண். கணவரை இழந்த பிறகு, செண்பகனூரில் ஒரு அறை எடுத்துக்கொண்டு நம்மிடம் வேலைக்குச் சேர்ந்தவள். பழசாக்கும் வேலையில் அவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் துரு பூசினால் துரு பூசியது தெரியும். அவள் பூசினால் அந்தக் கலம் மழையில் கிடந்தது தெரியும். அதிகம் பேச மாட்டாள். “இது ரொம்பத் தூரம் போயிட்டு வந்த வண்டிக்கா, இப்படி மொழுமொழுன்னு இருந்தா ஆருக்கா நம்புவா?” என்பாள். அவ்வளவுதான் அவள் எனக்குச் செய்த பெரிய பிரசங்கம்.

சென்னையிலிருந்து சினிமாக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பள்ளிக்கூட பெஞ்சு நீளத்துக்கு ஒரு விண்கலம் வேண்டும் என்றார்கள். கணினியில் செய்தால் இயக்குநருக்குப் பிடிக்காதாம், கையால் தொடுகிற மாதிரி நிஜமாக இருக்க வேண்டுமாம். பேச வந்தவர் உதவி இயக்குநர். மிகவும் மரியாதையான பையன்.

“நிக்கிற ஷாட்டா, பறக்குற ஷாட்டா?” என்று கேட்டேன். கலத்தை எங்கே தாங்கிப் பிடிக்கிறார்கள் என்பது தெரியாமல் நாம் வேலையைத் தொடங்குவதில்லை.

“பறக்குறதுதான்க்கா. மலைக்கு மேல பறந்து வரும். ஒரே ஷாட். ஆனா படத்துக்கே அதுதான் உயிர்” என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. பாதிதான் சொன்னார்.

பறக்கிற கலம் என்பதால் நடுவே அலுமினியக் குழாயை முதுகெலும்பாகக் கொடுத்து, இரண்டு டியூப் கலந்து போடும் பசையால் உள்பக்கம் முழுக்க இறுக்கினோம். மலைச்சாலையில் வண்டி குலுங்கினாலும் ஒரு துணுக்கு உதிரக் கூடாது. ஜன்னல்களுக்குப் பின்னால் விளக்கு வைத்தோம். முன்பக்கக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஓட்டுகிறவனுக்கு ஒரு இருக்கையும் அரை விரல் உயரத்தில் ஒரு பொம்மையும். அந்த முன்பகுதியை முழுக்கத் தங்கம்தான் செய்தாள். கண்ணாடியை ஒட்டி மூடிய பிறகு அது யார் கண்ணுக்கும் சரியாகத் தெரியப்போவதில்லை என்றேன். “இருக்கட்டும்க்கா” என்றாள்.

படப்பிடிப்பு கவுஞ்சிப் பக்கம், படிப்படியாக இறங்கும் தோட்டங்களுக்கு மேலே இருந்த ஒரு மேட்டில். நானும் தங்கமும் கலத்தை மடியில் பிள்ளையை வைத்திருப்பதைப் போலப் பிடித்துக்கொண்டு வேனில் போய் இறங்கினோம். அவளுடைய ஊர் என்பதால் ஆட்கள் வேலியோரம் நின்று, “என்ன தங்கம், ராக்கெட்டாம்ல?” என்று கேட்டார்கள். அவள் வெட்கப்பட்டாள். அவள் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இயக்குநர் கலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

“மேடம், நான் நினைச்சதுக்கு மேல இருக்கு” என்றார். பிறகு கேமராக்காரரிடம் திரும்பி, “பனி வர்றதுக்குள்ள உடைச்சிருவோம். ஒரே டேக்” என்றார்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன்.

“எதை சார் உடைக்கப் போறீங்க?”

“கலத்தைத்தான்” என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. “மலையில மோதிச் சிதறணும். அதுதானே ஷாட். உங்களுக்குத் தெரியாதா?”

அவர் உதவி இயக்குநரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தப் பையன் தரையைப் பார்த்தான்.

“சொல்லலையா நீ?”

“சொன்னா மனசு வெச்சுச் செய்ய மாட்டாங்கன்னு தோணுச்சு சார். உடையுறதுதானேன்னு சும்மா பொம்மை மாதிரி செஞ்சு குடுத்துருவாங்கன்னு…”

வழியில் பட்ட ஒரு சின்னக் கீறலைச் சரிசெய்ய தங்கம் தூரிகையை எடுத்திருந்தாள். அது அவள் கையில் அப்படியே நின்றது. நுனியிலிருந்து சாம்பல் நிறப் பெயின்ட் ஒரு சொட்டு அவள் பாதத்தில் விழுந்தது. அவள் கவனிக்கவே இல்லை.

எனக்குக் கோபம் வருவதற்குள் எல்லாம் நடக்கத் தொடங்கிவிட்டது. மேட்டிலிருந்த யூகலிப்டஸ் மரத்திலிருந்து கீழே ஒரு பாறை வரை கம்பி இழுத்துக் கட்டியிருந்தார்கள். கலத்தை அதில் தொங்கவிட்டார்கள். விளக்குகள் எரிந்தன. யாரோ கத்தினார்கள். கலம் கிளம்பியது.

அந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. தோட்டங்களுக்கு மேலே அது வழுக்கிக்கொண்டு போனது நிஜமாகவே பறப்பதாகத்தான் இருந்தது. பாறையில் மோதியது. ‘டங்’ என்று ஒரு சத்தம், கோயில் மணி மாதிரி. கலம் உடையவில்லை. துள்ளி எழுந்து, காற்றில் ஒரு முறை புரண்டு, கீழே இருந்த பூண்டுத் தோட்டத்தில் வழுக்கிப் போய், விளக்கெல்லாம் எரிந்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தது.

“ஏலே, யாருலே அது! பாத்தியெல்லாம் போச்சே!” என்று கத்திக்கொண்டு தோட்டத்துக்காரர் சின்னாண்டி மண்வெட்டியோடு ஓடிவந்தார். கலத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

சினிமாக்காரர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். அப்போது தங்கம் சிரித்தாள். வாய்விட்டு, அடக்க முடியாமல், குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நம் வேலையின் உறுதியைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்துவிட்டேன்.

இயக்குநர் சிரிக்கவில்லை. இந்த ஷாட்டுக்காக வாடகைக்கு எடுத்து வந்த விசேஷக் கேமரா அன்று மாலையே மலையிறங்கிவிட வேண்டும். மேற்கே பனி சுவர் மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. அப்போது சண்டைக் காட்சிக் குழுவில் வெடி வைக்கும் மாஸ்டர் முன்னால் வந்தார்.

“இதுல என்ன சார் இருக்கு? வயித்துக்குள்ள ரெண்டு வெடி வெச்சா போதும். வெரசா முடிச்சிரலாம்.”

“நல்லது, வைங்க” என்றார் இயக்குநர்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். எனக்கு ஏமாற்றப்பட்ட ஆத்திரம் ஒரு பக்கம், எப்படியோ போகட்டும் என்ற அலுப்பு ஒரு பக்கம். ஆனால் அந்தக் கலத்துக்குள் என்ன இருக்கிறது என்று அந்த மேட்டில் நின்றவர்களில் எனக்கும் தங்கத்துக்கும்தான் தெரியும்.

“வைக்கக் கூடாது” என்றேன். “உள்ள அலுமினியக் குழாய் ஓடுது. சுத்தியும் கல்லு மாதிரி பசை. வெடிச்சா குழாய் எந்தப் பக்கம் பாயும்னு உங்களாலயும் சொல்ல முடியாது, என்னாலயும் சொல்ல முடியாது. உங்க ஆளுங்க பாறைக்குப் பக்கத்துல நிக்கிறாங்க. விளக்குக்கு பேட்டரி வேற இருக்கு. கீழ காஞ்ச புல்லு.”

“மேடம், நாங்க பார்க்காத வெடியா?”

“வெடியை நீங்க பார்த்திருப்பீங்க மாஸ்டர். இந்தக் கலத்தைப் பார்த்ததில்ல.”

அவர் முகம் கறுத்தது. இயக்குநர் என்னை வெறித்துப் பார்த்தார். “அப்ப எப்படி உடைக்கிறது? சொல்லுங்க.”

“உள்பக்கத்திலிருந்து அறுத்து வைக்கணும். வெளியே பெயின்ட் மேல ஒரு கோடு விழாம. முதுகெலும்பை உருவணும். எங்க அறுத்தா எங்க பிரியும்னு தெரிஞ்சு அறுக்கணும். கொஞ்சம் பொறுங்க.”

ரம்பம் என் பையில் இருந்தது. பொறுப்பும் என்னுடையது. நானே உட்கார்ந்து அறுத்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பெயின்ட் என்னுடையது இல்லை. தங்கத்தைத் தேடினேன். அவள் கீழே பூண்டுத் தோட்டத்தில், கலத்துக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு நின்றிருந்தது.

நானும் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

“அக்கா, உள்ள உக்காந்திருக்கிறது ஆருன்னு பாத்தீங்களா?”

“ஓட்டுற பொம்மைதானே?”

“நீலச் சட்ட போட்டிருக்கும். மீசை வெச்சிருக்கேன். ஊசி முனையில தொட்டு வெச்சது.” கண்ணாடிக் கூட்டை விரலால் தொட்டாள். “அவருதான்க்கா.”

அவள் கணவர் காய்கறி வண்டி ஓட்டியவர். கவுஞ்சியிலிருந்து லோடு ஏற்றி, வத்தலக்குண்டு மார்க்கெட்டுக்கு மலையிறங்கும்போது ஒரு வளைவில் வண்டியோடு பள்ளத்தில் போனவர். இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அவளை வேலைக்கு எடுத்தோம். அவர் எங்கள் பட்டறை மேசையில், அந்தக் கண்ணாடிக்குள், என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

“அவரு ஓட்டுனா எங்க வேணாலும் போயிட்டு வந்துருவாருன்னு வெச்சேன். வானத்துலதான் கொண்டை ஊசி வளைவு கெடையாதே” என்றாள். “இப்பப் பாருங்க, ஒருவாட்டி உருட்டி விட்டாச்சு. அவருக்கு ஒண்ணும் ஆகல. உக்காந்தது உக்காந்தபடி இருக்காரு. அதப் பாத்ததும் என்ன செய்யுறதுன்னு தெரியாம சிரிச்சிட்டேன்க்கா.”

சற்று முன் அவளோடு சேர்ந்து சிரித்த என் வாயை நான் என் கையால் மூடிக்கொண்டேன்.

மேலே இருந்து உதவி இயக்குநர், “அக்கா, பனி வருதுக்கா!” என்று கூப்பிட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“வேணாம்னா வேணாம்னு சொல்லு தங்கம். இப்பவே தூக்கி வேன்ல ஏத்திருவோம். ஆரு என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்.”

மனதார அப்படித்தான் சொன்னேன். அவள் தலையாட்டினால் அந்தப் படப்பிடிப்பு அங்கேயே முடிந்திருக்கும். அவள் கலத்தின் மூக்கில் ஒட்டியிருந்த மண்ணைப் புறங்கையால் துடைத்தாள்.

“அவர மட்டும் எறக்கிட்டாப் போதும்க்கா.”

கத்தியைக் கொடுத்தேன். கண்ணாடிக் கூட்டின் விளிம்பில் நுனியை விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நெம்பினாள். அது கீறல் இல்லாமல் கழன்று வந்தது. இடுக்கியால் அந்தப் பொம்மையைத் தோளோடு பிடித்து, இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்து எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து ஊதினாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த சின்ன பர்ஸைத் திறந்து உள்ளே போட்டு மூடினாள். மூடியதும் அவள் குரலே வேறாக இருந்தது.

“ரம்பத்தக் குடுங்கக்கா. சோலியப் பாப்போம்.”

கலத்தைக் கவிழ்த்து, அடித்தகட்டைத் திறந்து, பேட்டரியையும் முதுகெலும்புக் குழாயையும் உருவினோம். உள்சட்டங்களில் எதை அறுக்க வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் விரலால் காட்டினாள்.

“மொதல்ல இந்தக் கதவு பிச்சுக்கிட்டுப் போகணும். பெறகு கூரை சப்பையாகும். முன்கண்ணாடி கடைசியிலதான்.”

நான் அவளைப் பார்த்தேன்.

“போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல அவரு வண்டியக் கொண்டாந்து போட்டிருந்தாங்க. யாருக்கும் சொல்லாம போயிப் பாத்துட்டு வந்தேன்” என்றாள், அறுத்துக்கொண்டே.

என் கையிலிருந்த திருகாணிகள் மண்ணில் விழுந்தன. குனிந்து பொறுக்கினேன். பொறுக்க இருந்ததே நல்லதாகப் போயிற்று.

கண்ணாடிக் கூட்டைத் திரும்பப் பொருத்தினோம். இரண்டாவது முறை கலம் கம்பியில் ஏறியபோது, விளக்கு எரியவில்லை என்பதைத் தவிர, பார்ப்பதற்கு முன்பு இருந்ததைப் போலவே இருந்தது. வெளியே ஒரு கோடு இல்லை. உள்ளே எல்லாம் நூலில் நின்றது. “நீ வேன்ல போயி உக்காரு” என்று தங்கத்திடம் சொன்னேன். மாட்டேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கலம் போனது. பாறையில் மோதியது. கதவு பறந்தது, கூரை மடிந்தது, மூக்கு உள்வாங்கியது, பிறகு எல்லாமே துணுக்குகளாகிச் சரிவில் கொட்டின. இதை நான் சொல்லி முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதிகூட அது எடுத்துக்கொள்ளவில்லை. கண் சிமிட்டியவர்கள் பார்க்கத் தவறிவிட்டார்கள்.

கைதட்டினார்கள். விசில் அடித்தார்கள். வெடி மாஸ்டர்கூடத் தட்டினார். தங்கம் என் கையை விடவில்லை. அவள் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

“மேடம்! தங்கம் அக்கா! ரெண்டு பேரும் ஓடி வாங்க!” இயக்குநர் மானிட்டருக்கு முன்னால் குதித்துக்கொண்டிருந்தார். “ஸ்லோ மோஷன்ல பாருங்க! ஒவ்வொரு துண்டும் எப்படிப் போகுதுன்னு பாருங்க!”

அந்தத் திரையை நான் ஒரு நொடி பார்த்துவிட்டேன். கதவு இன்னும் திறந்துகொண்டே இருந்தது. கூரை மடியத் தொடங்கவே இல்லை. காலியான அந்த இருக்கை மெல்ல, மிக மெல்ல நசுங்கப்போவதற்காகக் காத்திருந்தது. கண் சிமிட்டும் நேரத்தில் நடந்ததை அந்தக் கேமரா ஒரு நிமிடத்துக்கு இழுத்து வைத்திருந்தது.

நான் போய்த் திரைக்கு முன்னால் நின்றுகொண்டேன். சேலை முந்தானையை விரித்து மறைத்தேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு நினைவில்லை.

“நிறுத்துங்க சார். அணைங்க.”

“ஏன் மேடம், உங்க வேலைதானே…”

“அணைச்சிருங்க. தயவு செஞ்சு.”

என் குரலில் என்ன கேட்டதோ, மறுபேச்சில்லாமல் அணைத்தார். திரும்பினேன். தங்கம் நான் விட்ட இடத்திலேயே நின்றிருந்தாள். அவள் திரையின் பக்கம் வரவே இல்லை. பாறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா,” என்றாள். “அப்பவே உசுரு போயிருச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. என்னத் தேத்துறதுக்காகச் சொல்றாங்கன்னு நெனச்சேன். ரொம்ப நேரம் கெடந்திருப்பாரோன்னு, கூப்புட்டிருப்பாரோன்னு…” நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “இவ்வளவு வெரசாத்தான் இருந்திருக்குமாக்கா?”

நான் டாக்டர் இல்லை. அந்தப் பள்ளத்தை நான் பார்த்ததும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பொம்மையையும் லோடு ஏற்றிய ஒரு வண்டியையும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது என்று எனக்குத் தெரியும். பதில் சொல்ல எனக்குக் கிடைத்ததோ ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

“ஆமா தங்கம்” என்றேன்.

சரியான பதிலா என்று இன்றைக்கும் தெரியவில்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்கத்தான் உங்கள் முன்னால் வந்து நிற்கிறேன் என்றுகூட நினைத்துக்கொள்ளலாம். ஒரு வேலையை எடுக்கும்போது, அது முடிந்த பிறகு அதற்கு என்ன நடக்கும் என்பதைக் கடைசி வரை கேளுங்கள், பாதிப் பதிலோடு திருப்தியடையாதீர்கள். இதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். நான் அதற்கு மேல் ஒன்று சொல்கிறேன். பக்கத்து மேசையில் இருப்பவர் அந்தக் கலத்துக்குள் எதை வைத்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. கத்தியை எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

என் பதிலைக் கேட்டதும் தங்கம் மூக்கைச் சிந்திவிட்டு, நேராகத் தோட்டத்துக்கு இறங்கினாள். அங்கே சின்னாண்டி தலையில் கைவைத்து நின்றிருந்தார். அவருடைய பாத்திகள் முழுக்கச் சாம்பல் நிறமும் ஆரஞ்சு நிறமுமாகப் பிளாஸ்டிக் துணுக்குகள்.

“பூண்டு வெளையுற மண்ணு பெரியப்பா, இத இப்படியே விட்டுட்டுப் போக மாட்டோம்” என்றாள் அவரிடம். பிறகு மேட்டைப் பார்த்து, அந்த ஊரில் பிறந்தவளுக்கே உரிய குரலில் கூப்பிட்டாள். “எல்லாரும் வாங்க! ஒரு துணுக்குகூட மண்ணுல கெடக்கக் கூடாது!”

பட்டறையில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவள். நான் அதிர்ந்து நின்றேன். வெடி மாஸ்டர் முதலில் இறங்கினார். உதவி இயக்குநர் பேன்ட்டை மடித்துக்கொண்டு வந்தார். இயக்குநர் தொப்பியைக் கழற்றிக் கூடையாக வைத்துக்கொண்டு பாத்திகளுக்கு நடுவே முட்டிபோட்டார். விளக்குக்காரர்கள், வேன் டிரைவர், வேலியோரம் நின்ற ஊர்க்காரர்கள் எல்லோரும் வரிசையாகக் குனிந்து பொறுக்கினோம். பூண்டுத் தாள்களுக்கு அடியில் விரல் நகத்தைவிடச் சின்னச் சின்ன ஏணிகளும் குழாய்களும் கிடந்தன.

பனி இறங்கி, பக்கத்தில் குனிந்திருப்பவரின் முகம்கூடத் தெரியாமல் போனது. அதற்குள் எங்கிருந்தோ தங்கத்தின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

“பெரியப்பா, உங்க காலுக்கடியில ஒண்ணு மினுங்குது பாருங்க. டைரக்டர் சார், அந்த வரிசை இன்னும் பாக்கலை, இப்படி வாங்க.”